நரை வேடமும் நால்வகை நகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையைத்தான் முதலில் வைத்தார். அழுகைக்கு இரண்டாம் இடம். ஆயினும், சிறந்த படைப்பென்றால் கண்ணீர் வரவேண்டும் என்பது நம்மவர் பலரின் எண்ணம். அதனாற்போலும் 'காதலிக்க நேரமில்லை' போன்ற படங்களை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுகிறோம்.

ஸ்ரீதர் இயக்கி 1964 இல் வெளிவந்த படம் அது. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. ஈஸ்ட்மன் கலரில் வின்சன்ட் படம்பிடித்தார். காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் நாகரிக உடைகளில் பாடித் திரிவதே போதுமென்று பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அதிலே உடைக்கு வேறொரு வேலையும் இருக்கிறது.

1957 இல் வந்த 'ஃபன்னி ஃபேஸ்' என்னும் ஹொலிவூட் இசைப்படத்தில், புத்தகக் கடையிலே வேலை பார்க்கும் ஒட்றி ஹெப்பேர்ன், ஜிவான்ஷி வடிவமைத்த ஆடைகளை அணிந்து பாரிஸை மயக்குகிறார். அங்கே உடை மறைந்திருந்த அழகை வெளிக்கொணர்கிறது. ஸ்ரீதர் படத்திலோ உடை பொய் சொல்கிறது. வேலையிழந்த அசோக், தோட்ட முதலாளி விஸ்வநாதனின் மகளை மணப்பதற்காகத் தன்னைப் பெருஞ்செல்வர் மகனென்கிறான். நண்பன் வாசு நரைமுடி சூடி, பெரிய மனிதர் கோலம் பூண்டு 'தகப்பனாக' வந்து நிற்கிறான். முதலாளியோ உள்ளே இருக்கும் இளைஞனைக் காணவேயில்லை. கோலத்தை மட்டும் கண்டு குழைகிறார்.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பார் தொல்காப்பியர். அவற்றுள் ஒன்று மடன். பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று அதற்கு உரை கண்டார்கள். வகுப்பிலே இதை விளக்க நான் எத்தனையோ உதாரணம் தேடியிருக்கிறேன். பாலையாவின் முகத்தைவிடப் பொருத்தமானது அகப்படவில்லை. வெள்ளவத்தைப் புடைவைக் கடை வாசலில் ஆளின் உடுப்பைப் பார்த்து வரவேற்பு மாறுவதைக் கண்ட மாணவருக்கு மேலும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இளமை காதலர்களிடம் இருக்கிறது. எள்ளல், 'ஓகோ புரொடக்ஷன்ஸ்' நடத்தும் செல்லப்பாவின் பங்கு. சினிமா தன்னைத்தானே கேலிசெய்வது அங்கேதான். நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்லப் பாலையா நடுங்கும் காட்சியில் பேதைமையும் வந்து சேர்ந்துவிடுகிறது.

தொண்ணூறுகளில், கொட்டாஞ்சேனை வீட்டில் அந்தக் காட்சியை வீடியோ கசெட்டில் பார்த்தோம். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வேலைக்குப் போய்வந்த அப்பா, வீட்டில் சிரிப்பதையே விட்டிருந்த காலம் அது. அன்று வாய்விட்டுச் சிரித்தார். கசெட்டைப் பின்னுக்கு ஓடவிட்டு, இன்னொருமுறை போடச் சொன்னார்.