குடும்ப ஆரோக்கியம்: ஒரு ரயில்வேக்காரரின் கணக்கு

சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டபோது சற்று யோசித்தேன். எனக்குத் தெரிந்தது தண்டவாளம். அந்தமானில் ரயிலே கிடையாது. சிவில் டிப்ளமா முடித்துத் தென்னக ரயில்வேயில் சேர்ந்து, விழுப்புரம், விருத்தாசலம் பக்கம் பாதைப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து, ஓய்வு பெற்றபின் மகன் வேலை பார்க்கும் ரங்கத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். ஆனாலும் பராமரிப்பு என்பது எல்லாவற்றுக்கும் பொதுதானே? எனவே உடம்பைப் பராமரிப்பது பற்றி, அதிலும் அதை ஒரு குடும்பம் சேர்ந்து செய்வது பற்றி, எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்த விஷயம் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு ஏன் அவசரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரங்கத்தில் சமுதாய சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய வைத்தியம் என்றால் தலைநகருக்குப் போக வேண்டும். நாம் போர்ட் பிளேர் என்றே சொல்லிப் பழகி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள அந்த ஊர் சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர். நடுவில் ஜாரவா காப்பகம். அங்கே குறித்த நேரத்தில்தான் வண்டிகள் வரிசையாக விடப்படும். மிடில் ஸ்ட்ரெய்ட் கடற்கால்வாயையும் தாண்டியாக வேண்டும். மாரடைப்பில் இருதயக் குழாய் அடைத்துக்கொண்டால் நேரம் போகப் போகத் தசை செத்துக்கொண்டே வரும். சென்னையில் இருப்பவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வியாதி வந்தபின் ஓடுவதைவிட, வராமல் தள்ளிப்போடும் வேலையை வீட்டிலேயே செய்துகொள்வதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

நமது முன்னோர் இங்கே காட்டு வேலைக்கும் சாலை வேலைக்கும் வந்தவர்கள். மரம் அறுத்தார்கள், கல் உடைத்தார்கள், பர்ணசாலாவுக்கும் பஞ்சவடிக்கும் கால்நடையாகவே போய் வந்தார்கள். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டாலும் அந்த உடம்பு அதை எரித்துவிட்டது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆபீஸிலும் கடையிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். பஜாருக்குக்கூட ஸ்கூட்டர். சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவு. வரவு அப்படியே இருக்க, செலவு மட்டும் குறைந்துவிட்டால் கையிருப்பு ஏறத்தானே செய்யும்? அது இடுப்பில் ஏறுகிறது. இந்தியர்களைப் பொறுத்தவரை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. தையற்காரர் டேப் ஒன்று போதும்.

வந்தே தீரும் என்று பயப்படவும் வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதம்தான். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான் கிடைத்தது.

ஆனால் சாப்பாட்டை ஒழுங்குபடுத்துவது என்பது தனி மனிதன் கையிலா இருக்கிறது? சாமான் வாங்குவது ஒருவர், சமைப்பது இன்னொருவர், பரிமாறுவது மற்றொருவர். டாக்டர் சீட்டு எழுதுவது மட்டும் ஒருவர் பெயரில்! எங்கள் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு ஸ்லீப்பர் இறங்கிவிட்டால் ஜல்லியைக் குத்தி இறுக்குவோம். பேக்கிங் என்று பெயர். அந்த ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் உள்ளவற்றைத் தளர்வாக விட்டால், வண்டியின் பாரம் முழுவதும் அந்த ஒன்றின்மேல் விழும். சில நாளில் அது பழையபடி இறங்கிவிடும். அக்கம்பக்கத்து ஸ்லீப்பர்களையும் சேர்த்து இறுக்கினால்தான் நிற்கும். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு, மற்றவர்களுக்கு அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று இருந்தால் அப்பா எத்தனை நாள் தாங்குவார்?

இதை வெறும் உவமையாக விடாமல் நடத்தியே பார்த்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், இளம் வயதிலேயே இருதய நோய் வந்தவர்களின் குடும்பங்களாகப் பார்த்து 750 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். நோயாளியை விட்டுவிட்டு, அவருடைய மனைவி அல்லது கணவர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று நெருங்கிய உறவினர் 1,671 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு, டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வழிகாட்டினார்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தார்கள், சாப்பாடு பற்றியும் புகையிலை பற்றியும் குடும்பத்தோடு பேசினார்கள், மருந்து தொடர்கிறதா என்று கேட்டார்கள், தேவைப்பட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், புகையிலை ஆகிய நான்கில் மூன்றாவது கட்டுக்குள் இருந்தால் தேர்ச்சி என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், வழிகாட்டப்பட்ட குடும்பங்களில் 64 சதவீதம் பேர் தேர்ச்சி, மற்றதில் 46. முடிவு 2021ல் வெளியானது. இதில் அதிசய மருந்து ஏதும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம்.

கணவன் மனைவி விஷயத்திலும் ஒரு செய்தி. நடுத்தர வயதும் அதற்கு மேலும் உள்ள தம்பதிகளை நான்கு நாடுகளில் ஆராய்ந்து 2023ல் ஒரு கட்டுரை வந்தது. இந்தியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தம்பதியில் இருவருக்கும் ரத்த அழுத்தம் இருந்தது. கணவருக்கு இருந்தால் மனைவிக்கும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். ரத்த சம்பந்தம் இல்லாத இருவருக்கு இப்படி என்றால், ஒரே அடுப்பும் ஒரே பழக்கங்களும் காரணம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆகவே உங்களில் ஒருவருக்கு பி.பி. இருப்பதாகத் தெரிந்த அன்றே மற்றவரும் கையை நீட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி எங்கள் வீட்டு நடைமுறை. என் மனைவிக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 வந்தது. டாக்டர் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தினம் அரை மணி நடங்கள் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "நீங்க நடக்கலாம். இட்லித் தட்டு நடக்குமா?"

நியாயமான கேள்வி. வைத்தியப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. நம் வீடுகளில் ஆண்கள் காலையில் கை வீசி நடந்துவிட்டு வந்து காபி கேட்கிறோம். அந்த நேரத்தில் பெண்கள் அடுக்களையில். நாள் முழுக்க வேலை செய்கிறாளே, அதுவே உடற்பயிற்சிதானே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது நெஞ்சு படபடக்க நடப்பதற்கு ஈடாகாது. பெண்களுக்கு வேண்டியது நேரம். அந்த நேரத்தை வீட்டில் உள்ள மற்றவர்கள்தான் கொடுக்க முடியும்.

எனவே பொழுதைப் பிரித்தோம். இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ரங்கத் சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிஷம் என்றால் சுமார் ஐம்பது நிமிஷம் முன்னதாகவே நமக்குப் பொழுது புலர்கிறது. கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஆனி மாதத்தில் ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து நடக்கலாம் என்று வைத்தால், மார்கழியில் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே காலைதான். ஐந்து மணிக்கு மாமியாரும் மருமகளும் நடக்கப் போகிறார்கள். நானும் மகனும் காய் நறுக்குகிறோம், சட்னிக்குத் தேங்காய் துருவுகிறோம், பேரனை எழுப்புகிறோம். (கடைசி வேலைதான் மூன்றிலும் கடினம்.) அவர்கள் திரும்பியதும் நாங்கள் இறங்குகிறோம். முதல் வாரம் மருமகள், "மாமா, நீங்க போய் இதெல்லாம் செய்யணுமா?" என்று சங்கடப்பட்டாள். இப்போது காய் பெரிது பெரிதாக நறுக்கியிருக்கிறது என்று குறை சொல்லும் அளவுக்கு முன்னேறிவிட்டாள்.

நடையால் மட்டும் எடை கடகடவென்று குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அறுபத்தைந்து கிலோ உள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அது ஏறக்குறைய ஒரு மெதுவடை. நடந்துவிட்டு வரும் வழியில் டீக்கடையில் நின்றால் கணக்கு நேராகிவிடும். நடையின் பலன் சர்க்கரையிலும் பி.பி.யிலும் தூக்கத்திலும் தெரியும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. வயதானவர்கள் கால் வலுவுக்கும், விழாமல் நிற்கும் பழக்கத்துக்கும் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்ந்து பாருங்கள், புரியும்.

உப்பு விஷயத்தில் எங்கள் வீட்டு அதிகாரி பேரன்தான். சீனாவில் சாங்ஷி என்ற நகரில் 28 பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடந்து, 2015ல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்பின் கெடுதலைச் சொல்லிக் கொடுத்து, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். ஒரே பருவத்தில் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட, அந்த வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட்ட உப்பு நாளுக்குச் சுமார் 2.9 கிராம் குறைந்திருந்தது. டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள் பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்! நாளுக்கு ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மாதம் பிறந்ததும் உப்புப் பாக்கெட் பிரித்த தேதியைப் பேரன் அதன்மேல் எழுதிவிடுவான். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரு கிலோ நாற்பது நாள் வந்தால் கணக்குச் சரி. கருவாடும் ஊறுகாயும் தனிக் கணக்கு. அவற்றை மாதம் இரண்டு முறை என்று வைத்திருக்கிறோம். மீன் கரையில் துள்ளிக்கொண்டிருக்கும் ஊரில் கருவாட்டுக்கு ஏங்குவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உதவுவதற்கும் காவல் காப்பதற்கும் வித்தியாசம் உண்டு. "அப்பா, அதைத் தொடாதீங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னால், அந்த மனுஷர் மறைவில் இரண்டு சாப்பிடுவார். இனிப்பை வீட்டுக்கு வாங்காமலே இருந்தால் யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. உபசாரமும் இதில் சேர்ந்ததுதான். பொங்கல் விழாவில் ஒருவர் போதும் என்று கையை மறைத்தபின், "எங்களுக்காக ஒண்ணே ஒண்ணு" என்று ஜிலேபியை இலையில் வைப்பதை நம் சங்கத்தார் நிறுத்திக்கொள்ளலாம். இதை இங்கே எழுதினால் பந்தி விசாரிப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

சில எச்சரிக்கைகள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டபின் நடையைக் கூட்டவும். பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நின்று, உடனே சுகாதார நிலையம் போகவும். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை ஒரு நோட்டில் எல்லோருடைய அளவையும் எழுதுகிறோம். மாதத்துக்கு ஒருமுறை இடுப்பளவும் உண்டு. மருந்தை எப்போதும் ஒரு மாதம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஊரில் தாய் தகப்பனை விட்டுவிட்டு இங்கே இருப்பவர்கள் பலர். போனில் "சாப்பிட்டீங்களா?" என்று தினம் கேட்கிறோம். அதோடு "இன்னைக்கு நடந்தீங்களா? மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?" என்றும் கேட்கலாம். கேட்பதோடு நாம் நடந்ததையும் சொன்னால், அவர்களுக்கு அது விசாரணையாகப் படாது.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். வைகாசி முதல் கார்த்திகை வரை இங்கே மழை விடாதே! எங்கள் வீட்டுத் தாழ்வாரம் 22 அடி நீளம். ஒரு மைல் 5,280 அடி. ஆக 240 நடை போனால் ஒரு மைல். இருபது நடைக்கு ஒரு புளியங்கொட்டை என்று பேரன் திண்ணையில் வைத்துக்கொண்டே வருவான். பன்னிரண்டு கொட்டை சேர்ந்தால் விசில் அடித்து வண்டியை நிறுத்துவான். மழை பலமாக இருக்கும் நாளில் பாட்டி, தாத்தா, அம்மா மூவரும் முன்பின்னாகப் போகிறோம், எதிரும் புதிருமாக வந்தால் தாழ்வாரத்தில் இடம் போதாது என்பதால்.