ஓலைக் குட்டானும் ஒரு சொல்லும்

பெருநாளுக்கும் பொங்கலுக்கும் இனிப்பு வழங்குவோர் இந்நாளில் பிளாஸ்டிக் பெட்டியை நாடுகின்றனர். மன்னார்க் கரைக்கு உரிய கலமோ பனையோலைக் குட்டான். உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீர் புளிப்பதில்லை. அதனைப் பாகாகக் காய்ச்சிக் குட்டானில் வார்த்தால் பனங்கட்டியாய் இறுகும். பண்டமும் பேழையும் ஒரே மரத்தின் கொடை!

1990 ஒக்டோபரில் முசலி முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பலர் தஞ்சம் புகுந்த புத்தளம் தென்னை நாடு. அங்கே பிறந்து, போர் முடிந்த 2009க்குப் பின் தாயகம் மீண்ட இளையோர் சிலர், குட்டான் என்பதன் பொருளை என்னிடம் வினவினர். அகராதியைக் காட்டினேனல்லேன்; சார்வோலையை வார்ந்து கொடுத்தேன்.

பொருள் வழக்கிழந்தால் சொல்லும் வழக்கிழக்கும். ஆசிரியப் பெருமக்களே! அடுத்த பள்ளி விழாவுக்கு மாணவர் தம் குட்டானைத் தாமே இழைக்கட்டும். தாம் இழைத்ததன் பெயரை எவரும் மறவார்.