குற்றம் ஸ்பீக்கரில் அல்ல, அறையில்!

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லாமிங்டன் ரோட்டில் "ஹோம் தியேட்டர்" செட் வாங்கி வருகிறோம். கடையில் கணீரென்று கேட்ட ஒலி, வீட்டில் "கும், கும்" என்று முழங்குகிறது. வசனம் புரியவில்லை. ஒலியைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார்.

"இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்குங்கள்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். வாங்க வேண்டாம். அறையைக் கவனியுங்கள்.

சுவர் செய்யும் வேலை

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 344 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிர்ச் சுவரில் மோதித் திரும்புகிறது. இரு சுவர்களுக்கும் உள்ள தூரம் ஒலியின் அலை நீளத்தில் பாதியாக இருந்தால், போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து ஓங்கி நிற்கும்.

மும்பை சால்களில் நம்மவர் குடியிருக்கும் அறைகள் பல, 10 அடிக்கு 10 அடி. அந்த அறையில் சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி இப்படி ஓங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரு பக்க முழக்கமும் ஒரே இடத்தில் விழுகிறது. தொல்லை இரட்டிப்பு. அந்த முழக்கத்தில்தான் வசனம் அமுங்கிப் போகிறது.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

இதை அளந்து சொல்ல "ரூம் ஈக்யூ விசார்ட்" என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. அளவு எடுப்பதற்கென்றே செய்த மைக் ஒன்று வேண்டும். நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சில வினாடிகள், கீழ் ஒலியிலிருந்து மேல் ஒலி வரை "ஊ..." என்று ஒரு சத்தம் எழுப்பும். மைக் கேட்டதை மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுத் திரையில் காட்டும். மேடுதான் முழக்கம். அந்த ஒலியை மட்டும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக் கொடுக்கும். கம்ப்யூட்டர் வழியாகவே படம் பார்ப்பவர்கள், "ஈக்வலைசர் ஏ.பி.ஓ." என்ற மற்றொரு இலவசப் புரோகிராமில் இந்தக் கணக்கை ஏற்றிவிடலாம். முழக்கம் அடங்கும். சுவரைத் தாண்டும் சத்தமும் குறையும்.

கவனம் தேவை

மேட்டைக் குறைக்கலாம்; பள்ளத்தை நிரப்பக் கூடாது. 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிபயருக்கு 4 மடங்கு சக்தி வேண்டும். அப்படியும் பள்ளம் நிரம்பாது. நாற்காலியைச் சற்று நகர்த்துவதே வழி.

எதிரொலியையும் கம்ப்யூட்டரால் போக்க முடியாது. அதற்குக் கனமான திரை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி ஆகியவையே மருந்து.

செலவில்லாத முதல் வேலை

மூலையில் இருக்கும் வூபரை வெளியே நகர்த்துங்கள். சுவரை ஒட்டி உட்காராமல் இரண்டடி முன்னே வாருங்கள். பாதி முழக்கம் இதிலேயே குறையக்கூடும்.

அப்படியும் தீராவிட்டால் மைக் வாங்கலாம். விலை சில ஆயிரம் ரூபாய். ஆனால் பொருட்களை இடம் மாற்றாத வரை, ஓர் அறைக்கு ஒரு தடவை அளந்தால் போதும். எனவே நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே மைக் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.