மறதி தந்த பரிசு!

வீட்டுப்பாட நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, வகுப்பில் திருதிருவென விழித்தது உண்டா சுட்டீஸ்? அப்படி விழித்த ஓர் இளைஞரின் கதை இது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படித்தவர் ட்ரூ ஹூஸ்டன். 2006-ம் ஆண்டு பாஸ்டனில் இருந்து நியூயார்க் செல்லப் பஸ் ஏறினார். வழியில் வேலை பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால், ஃபைல்கள் இருந்த பென் டிரைவைக் காணோம்! வீட்டிலேயே மறந்துவிட்டார். அவருக்கு இது முதல் தடவையும் அல்ல.

'பென் டிரைவே தேவைப்படாதபடி செய்தால் என்ன?' என்று யோசித்தார். பஸ்ஸிலேயே புரோகிராம் எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வேறு வேலை இருந்தது. இது கூடுதல் முயற்சிதான். அதுவே 'டிராப்பாக்ஸ்' ஆனது.

அது எப்படி வேலை செய்கிறது? கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் படத்தைப் போட்டால், அதன் நகல் இணையம் வழியே 'சர்வர்' என்ற தொலைதூரக் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து உங்களுடைய இன்னொரு கம்ப்யூட்டருக்கும், நீங்கள் அனுமதிக்கும் நண்பருக்கும் வந்து சேரும். பெரிய ஃபைலில் கொஞ்சம் திருத்தினால், மாறிய துண்டு மட்டுமே போகும்!

ஆரஷ் ஃபெர்டோசி என்ற மாணவரும் கைகோத்தார். 2008-ல், எல்லோருக்கும் கொடுக்கும் முன்பே, அது செயல்படும் விதத்தைச் சின்ன வீடியோவாகக் காட்டினார் ட்ரூ. ஒரே இரவில் காத்திருப்போர் பட்டியல் 5 ஆயிரத்தில் இருந்து 75 ஆயிரமாக எகிறியது! அதே ஆண்டு செப்டம்பரில் டிராப்பாக்ஸ் அனைவருக்கும் கிடைத்தது.

தன் மறதியை நினைத்து ட்ரூ நொந்துகொண்டே பயணம் செய்திருக்கலாம். ஆனால், அதற்கு ஒரு வழி தேடினார். உங்களை அடிக்கடி தொல்லைப்படுத்தும் விஷயம் எது? இன்றே நோட்டில் எழுதுங்கள்... நோட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்!