காலடியில் மிதிபடும் செல்வம்

சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் தஞ்சைக் குடியானவரின் வயலெங்கும் வைக்கோல் கிடக்கிறது. அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுப் போனதைக் கட்டும் இயந்திரத்துக்குக் கட்டொன்றுக்கு இவ்வளவென்று கூலி தரவேண்டும். கைப்பணமில்லாதவர் அங்கேயே விற்றுவிடுகிறார். சித்திரை, வைகாசியிலோ அவரே வியாபாரி சொன்ன விலைக்கு வைக்கோல் வாங்குகிறார். வாங்க இயலாதவர் கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறார். இந்நிலைக்கு நமது கவனக்குறைவும் ஒரு காரணமென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொழுவத்தைச் சற்று நோக்குவோமாக. வைக்கோல் தரையில் உதறிப் போடப்படுகிறது. மாடு அதைப் புரட்டி, மெல்லிய தோகையைத் தேர்ந்து தின்று, எஞ்சியதன் மீதே சாணமும் மூத்திரமும் இடுகிறது. அதன்பின் அதைப் பசித்த மாடும் தொடாது. நாளொன்றுக்கு 6 கிலோ இட்டு, அதில் 1 கிலோ வீணாகுமாயின், ஓராண்டில் 365 கிலோ நஷ்டம். அஃது அம்மாட்டின் 2 மாத உணவன்றோ?

பரிகாரம் எளிது. மாட்டின் முன் ஒரு தொட்டியேனும், தலை மட்டும் நுழையும் மூங்கில் தடுப்பேனும் அமைக்க வேண்டும். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் மாடு தண்டை ஒதுக்காது. ஒரே வேளையில் வாரிக் கொட்டாமல் மூன்று வேளையாகப் பங்கிட வேண்டும். போரைக் கல்லும் கட்டையும் பரப்பிய மேட்டின் மேல், உச்சி கூம்பாக இட்டால் மழைநீர் வழிந்தோடும். அடிப்பாகம் பூஞ்சணம் பிடியாது.

வைக்கோலில் புரதச் சத்து மிகச் சொற்பம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் நன்கு கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால், அது மிருதுவாகிச் சத்தும் மிகும். பிறகு ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. யூரியாவை நேராகத் தின்றாலும், கரைசலைக் குடித்தாலும் மாடு மாண்டுபோகும். ஆகையால் முதன்முறை கால்நடை மருத்துவரைக் கலந்துகொண்டே செய்தல் நன்று.

கிராமந்தோறும் சென்று பேசும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தீவன மானியம் கேட்பது நமது உரிமை, கேட்போம். ஆனால் அது வரும்வரை மாடு காத்திராது. காலடியில் மிதிபடும் வைக்கோலைக் காக்க எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை. மேடையில் முழங்குமுன் ஒரு தொழுவத்தில் ஒரு தடுப்பைக் கட்டிக் காட்டுவோமாக. ஊரார் மற்றதைத் தாமே செய்துகொள்வர்.