காவல்காரனுக்குக் காவல் யார்?

கால்பந்து ஆட்டத்தில் கோல் போட்டவனின் பெயரை ஊர் முழுவதும் சொல்லும்; கோல் விழாமல் தடுத்து நின்றவனின் பெயரை மறுநாள் நினைப்பவர் சிலரே. இது ஜன சுபாவம். இதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால் பின்வரிசையில் நின்று காப்பவனுடைய பிழைப்பு எத்தகையது, அது எவர் கையில் இருக்கிறது என்பதைத் தேசாபிமானிகள் அறிந்திருத்தல் அவசியம்.

வேலம்பாளையத்தில் வசிப்போருக்கு இதை விளக்குவது எளிது. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த 15 வேலம்பாளையத்தின் தெருக்களில், பிஹாரிலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்து பீஸ் கணக்கில் கூலி பெறுகிறார்கள். ஒரு கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகிறார்கள். கைத்தொழில் தெரிந்தவன் வேலை உள்ள இடம் தேடிப் போவதில் இழிவு ஒன்றுமில்லை. தொழில்முறை ஆட்டக்காரனும் இவர்களைப் போன்ற ஒரு தொழிலாளியே. அவனுடைய தொழிற்கருவி அவனுடைய இரண்டு கால்கள்.

இந்தியக் கோஷ்டியின் தற்காப்பு ஆட்டக்காரர் ஸ்ரீ சந்தேஷ் ஜிங்கனை எடுத்துக்கொள்வோம். 1993இல் சண்டீகரில் பிறந்தவர். பிழைப்பைத் தொடங்கியதோ சிக்கிமில். 2014இல் கேரள பிளாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். லீக் ஆட்டம் நடவாத மாதங்களில் கோவாவுக்கும் பூனாவுக்கும் பெங்களூருக்கும் இரவலாக அனுப்பப்பட்டு அங்கெல்லாம் ஆடினார். 2020இல் கல்கத்தா, 2021இல் ஆட்ரியாடிக் கடற்கரையிலுள்ள குரோஷிய நகரமான ஷிபெனிக், மறுபடியும் கல்கத்தா, 2022இல் பெங்களூர், 2023இல் கோவா. இவ்வாறு பாஷை மாறி, ஆகாரம் மாறி, சீதோஷ்ணம் மாறி ஊர் ஊராய்ச் சென்றும் அவருடைய உழைப்பு குன்றவில்லை. கொச்சியைவிட்டு அவர் நீங்கியபோது, அவர் அணிந்திருந்த 21ஆம் எண்ணை இனி ஒருவருக்கும் தருவதில்லை என்று கேரள கிளப் அறிவித்தது. அவ்வாண்டே அர்ஜுனா விருதும் கிடைத்தது.

அவருடைய தொழிலின் பெருமை 2019 செப்டம்பர் 10ஆம் தேதி தோஹா நகரில் புலப்பட்டது. அவ்வாண்டு ஆசியச் சாம்பியனாகிய கத்தாரை, அதன் சொந்த மைதானத்தில், ஸ்ரீ சுனில் சேத்ரி இல்லாத இந்தியக் கோஷ்டி ஒரு கோலும் விடாமல் தடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தது. கோல் எதுவும் விழாத அந்த ஆட்டத்தையே நம் தேசத்தார் வெற்றியாகக் கொண்டாடினர். கொண்டாட்டம் ஓய்ந்த அடுத்த மாதமே, தேசக் கோஷ்டியின் பயிற்சி ஆட்டமொன்றில் ஜிங்கனின் முழங்கால் காயமுற்றது. அந்த லீக் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஷிபெனிக்கிலும் காயமே குறுக்கிட்டது. போட்டி ஆட்டம் ஒன்றும் ஆடாமல் சில மாதங்களில் திரும்பினார். ஒரு தசை நார் பிசகினால் ஓராண்டு உழைப்பு போய்விடும் தொழில் இது.

முற்காலத்தில் நிலைமை வேறு. வங்காளத்தின் கோஷ்ட பால் வெறுங்காலுடன் நின்று பூட்ஸ் அணிந்த வெள்ளையர்களைத் தடுத்தார். சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் பெற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் மோஹன் பகான் ஒன்றிலேயே ஆடினார். 1962இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கால்பந்து ஆட்டக்காரர்களில் அவ்விருதைப் பெற்றவர் அவரே முதல்வர். அவர் காலத்தில் ஆட்டம் ஜீவனோபாயம் அன்று. பின்னர் வந்த ஜர்னைல் சிங்கோ, 1947 பிரிவினையில் பிறந்த மண்ணை இழந்து வந்த பஞ்சாபி. பேர் பெற்றது கல்கத்தாவில். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தலையில் தையல் போட்ட காயத்தோடு இந்தத் தற்காப்பு வீரர் முன்வரிசையில் நின்று ஆடினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக அவரும் ஒரு கோல் போட, இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. அத்தகைய தங்கம் அதன்பின் நமக்குக் கிட்டவில்லை.

இன்று ஆட்டம் தொழிலாகிவிட்டது. தொழிலுக்குரிய பாதுகாப்பு உண்டா என்பதே நம் கேள்வி. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வியாபார உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு கம்பெனிக்கு ஒப்படைத்தது. தவணை முடியும் தேதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் கிளப் தன் காரியங்களை நிறுத்தியது. பெங்களூர் கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. 2026 ஜனவரியில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து ஆகியோரோடு ஜிங்கனும் உலகக் கால்பந்து சம்மேளனத்தை நோக்கி, தலையிட்டு இவ்வாட்டத்தைக் காப்பாற்றுங்கள் என்று பகிரங்கமாக முறையிட வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் லீக் சுருங்கிய வடிவில் தொடங்கியது. தேசத்தின் கோட்டையைக் காத்தவர் தம் பிழைப்பைக் காக்க அயலாரிடம் கையேந்த நேர்ந்தது யாருக்கு அவமானம்? நிச்சயமாக அவருக்கன்று.

இது தூரதேசத்து வழக்கு என்று கொங்கு நாட்டார் எண்ண வேண்டாம். 2019 மார்ச் 9ஆம் தேதி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கிளப் பஞ்சாபின் மினர்வாவை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் சூடியது. அன்று இரண்டு கோல் போட்ட கௌரவ் போராவும் தற்காப்பு ஆட்டக்காரரே. அந்த ஆரவாரம் அடங்கி இரண்டு ஆண்டுகளில் அந்தக் கிளப் ஐ-லீக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஆடியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் தேடினர். பட்டம் வென்ற கோஷ்டிக்கே இக்கதியானால், பட்டம் பெறாத கோஷ்டிகளை நம்பி எந்தத் தந்தை தன் மகனை மைதானத்துக்கு அனுப்புவார்?

நாம் கேட்பது பெரிதன்று. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம், லீக் நடந்தாலும் நடவாவிட்டாலும், உரிய தேதியில் கொடுக்கப்பட வேண்டும். தேசத்துக்காக ஆடிக் காயமுற்றவனின் வைத்தியச் செலவும் வருமானமும் அவனுடைய அதிர்ஷ்டத்துக்கு விடப்படலாகாது. சம்மேளன நிர்வாகத்தில் ஆட்டக்காரருக்கு வாக்குரிமை வெறும் ஏட்டளவில் நில்லாமல் நடைமுறையில் இருக்க வேண்டும். பீஸ் ரேட்டுக்காகவும் போனஸுக்காகவும் ஒன்றுகூடிப் பேசத் தெரிந்த திருப்பூர்த் தொழிலாளிக்கு இவை புதிய பாஷை அல்ல.

வேலையற்ற ஞாயிற்றுக்கிழமை மாலையில், வேலம்பாளையத்துப் பிள்ளைகள் காலி மனையில் செங்கல்லைக் கம்பமாக நட்டுப் பந்து உதைக்கிறார்கள். அவர்களில் எல்லோரும் கோல் போடவே ஓடுவார்கள். ஒருவன் மட்டும் பின்னால் நின்று காவல் செய்வான். அவன் வளர்ந்து இத்தொழிலுக்கு வரும்போது, அவனுக்குப் பின்னால் காவலாக ஒரு சட்டமும் ஒரு சங்கமும் நிற்க வேண்டும். அவற்றை இன்றே கேட்டு வாங்குவது நம் கடமை.