உங்களுக்குத் தெரியுமா? 150 ஆட்டங்கள், சொந்த மண்ணில் தோல்வியே இல்லை!

போர்ச்சுகல் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ, 2002 பிப்ரவரியில் பெய்ரா-மார் அணியிடம் தோற்ற பிறகு, ஒன்பது ஆண்டுகள் சொந்த மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. தொடர்ச்சியாக 150 ஆட்டங்கள்! அதுவும் ஒரே அணியுடன் அல்ல. போர்ட்டோ, செல்சி, இன்டர் மிலான், ரியல் மாட்ரிட் என நான்கு நாடுகளில் நான்கு அணிகள். ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் மாறிக்கொண்டே இருக்க, இப்படியொரு தொடரைக் கட்டிக்காத்ததைத்தான் அவருடைய கோப்பைகளைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டும்.

2011 ஏப்ரல் 2 அன்று மாட்ரிட் மைதானத்தில் அந்தத் தொடர் முடிந்தது. ஸ்போர்ட்டிங் ஹிஹோன் என்ற சிறிய அணி, 79ஆவது நிமிடத்தில் மிகேல் டி லாஸ் குவேவாஸ் அடித்த ஒரே கோலில் ஜெயித்தது. அந்த அணியின் பயிற்சியாளர் மனுவேல் பிரெசியாடோவுடன் சில மாதங்களுக்கு முன்புதான் மொரின்யோவுக்குக் கடும் வார்த்தைப் போர் நடந்திருந்தது. ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் உடைமாற்று அறைக்கே போய் வாழ்த்துச் சொன்னார்.

பெரிய ஆட்டக்காரராகப் பெயரெடுக்காத மொரின்யோ, 1992இல் லிஸ்பனில் பயிற்சியாளர் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர். பன்னிரண்டே ஆண்டுகளில், 2004இல், போர்ட்டோவுக்குச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்தார்.